கோலும் வாளும்

காவிரியினின்றும் குடமுருட்டி பிரியுமிடத்தே அமைந்தது திருக்காட்டுப்பள்ளி என்னும் சிவத்தலம். ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசரும் பாடியருளிய இத்தலத்து இறைவர்க்குத் தீயாடியப்பர் என்பது திருநாமம். வடமொழியில் அக்கினீசுவரர் என்று வழங்குவர். தீக்கடவுள் ஈண்டு வழிபட்டுத் தன் குறை நீங்கப்பெற்றான் என்பது தலவரலாறு. தீயின் இயல்பு யாவரும் அறிந்ததே. அஃது அடுப்பிலிருக்குங்கால் சோறாக்கும். குண்டத்திலிருக்குங்கால் வேள்வியை முற்றுவிக்கும். கூரைமேல் ஏறுமாயின் தன்னை வளர்த்த வீட்டையே உண்ணும். நாட்டுக்குப் படைவலியும் அத்தன்மைத்தே. இடத்தில் நிற்கும் படை காவல். இடம்பெயர்ந்த படை கேடு.

இதனை யாவரும் எளிதின் உடன்படுவர். ஆயினும் ஓர் இக்கட்டான நிலை உண்டு. ஒரு நாட்டின் அரசியல் கைக்கூலியாலும் பொருளாசையாலும் அழுகிக் குடிகளுக்குப் பகையாகின்றது. அந்நிலையில் அந்நாட்டுப் படை, தான் காக்கவேண்டிய ஆசனத்தின்மேல் தானே பாய்ந்து, ஆள்வோரைச் சிறைபிடித்து, ஆட்சியைக் கைப்பற்றுகின்றது. இதனைக் கண்ட நல்லோர் யாது செய்யற்பாலர்? படையை எதிர்ப்பின் கெட்ட அரசுக்கு உற்றார் என்று பெயர் பெறுவர். கெட்ட அரசு தொலைந்ததென்று களிப்பின் வாளின் ஆட்சிக்கு உடன்பட்டவராவர். இரண்டையும் ஒருங்கே மறுத்தல் கூடுமோ? கூடுமாயின் அம்மறுப்பு வெறும் வாய்ச்சொல்லோ, பயனுடைய செயலோ? இவ்வினாவுக்கு விடைகாணத் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. தஞ்சை நாட்டு நெல்லின்பொருட்டே சென்னைக் கோட்டையில் 1776-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு செயல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

தஞ்சை மராட்டிய அரசு படையின் தலையீட்டை முன்னரே அறிந்தது. 1736-இல் துக்கோஜி மன்னர் மறைந்தது முதல் 1739-இல் பிரதாபசிங்கர் அரியணை ஏறியது வரை, மூன்றாண்டுக் காலத்தில் இரண்டாம் ஏகோஜி, அவர் தேவி சுஜான்பாய், காட்டுராஜா எனப்பட்ட சாகுஜி என மூவர் ஆட்சியில் அமர்ந்து நீங்கினர். அக்காலத்தே கோட்டைக் காவலனாகிய சையது என்பவனின் கை ஓங்கியிருந்தது. வாயில் காப்பவன் வீட்டுக்குரியவனைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின் அவ்வீட்டில் அமைதி நிலையாது என்பதற்கு அம்மூன்றாண்டுகளே சான்று.

பின்னர்த் தஞ்சைக்கும் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலிக்கும் கப்பம்பற்றிய வழக்கு மூண்டது. 1762-இல் சென்னைக் கும்பினியார் இடைநின்று, தஞ்சை மன்னர் ஆண்டுதோறும் 4 இலட்சம் ரூபாய் நவாபுக்குச் செலுத்துக என்று உடன்படிக்கை செய்வித்தனர். அப்போது சென்னைக் கவர்னராயிருந்தவர் ஜார்ஜ் பிகட் என்பார். கப்பம் நிலுவைப்பட்டது என்பதைக் காரணமாகக் காட்டி, நவாபின்பொருட்டுக் கும்பினிப்படை 1771-இல் ஒருமுறையும் 1773-இல் மறுமுறையும் தஞ்சைமேற் சென்றது. 1773 செப்டம்பரில் கோட்டை வீழ்ந்தது. துளஜா மன்னர் குடும்பத்தோடு சிறையாயினர். நாடு நவாபின் வசமாயிற்று.

நவாபோ கடனில் மூழ்கியவர். அவர்க்குக் கடன்கொடுத்தோருட் பலர் கும்பினியின் ஊழியரே. வட்டி ஏற ஏற, நவாபு தாம் புதிதாய்ப் பெற்ற தஞ்சையின் வருவாயை அவர்கட்கு ஈடுகாட்டினார். திருக்காட்டுப்பள்ளி வாய்க்காலில் நீர்பாய்ந்து விளையும் நெல், அதனை விதைத்தவன் அறியாமலே, சென்னையில் ஒருவன் பெட்டியிலிருக்கும் பத்திரத்துக்குப் பொருளாயிற்று.

இச்செயலை இங்கிலாந்திலிருந்த கும்பினி டைரக்டர்கள் ஏற்கவில்லை. தஞ்சையை மீண்டும் துளஜா மன்னர்க்கே அளிக்கும்படி ஆணையிட்டு, பிகட் பிரபுவை இரண்டாம்முறை கவர்னராக்கி அனுப்பினர். அவர் 1775 டிசம்பரில் சென்னை சேர்ந்து, 1776 ஏப்ரல் 11-ஆம் நாள் தஞ்சையில் மன்னரை அரியணையில் அமர்த்தினர். அப்போது பால் பென்பீல்டு என்னும் கும்பினி ஊழியர் ஒருவர் எழுந்து, தஞ்சை வருவாயின்மீது நவாபு தமக்கு எழுதிக்கொடுத்த பத்திரங்கள் 1,62,000 பவுனுக்கு உள்ளன என்றும், அந்நாட்டார் சிலர்க்குத் தாம் கடனாகக் கொடுத்து விளைந்துநிற்கும் பயிரை ஈடாகப்பெற்றது 72,000 பவுன் என்றும் வழக்கிட்டார். அவர் கும்பினியிடம் பெற்றது ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளமே. இத்துணைப் பெருந்தொகை அவர்க்கு எவ்வாறு வந்தது என்னும் வினா அக்காலத்தார் வாயிலேயே எழுந்தது.

கவர்னரது ஆலோசனைச்சபை அவ்வழக்கை முதலில் தள்ளிற்று. பின்னர்ப் பெரும்பான்மையோர் மனம் மாறி அதனை ஏற்கத் தலைப்பட்டனர். சபையினர் பலர்க்கும் நவாபின் கடனில் தொடர்புண்டு என்னும் குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. தஞ்சையில் யார் தங்கி மேற்பார்ப்பது என்பதிற் பிணக்கு முற்றிற்று. பிகட் பிரபு தம் சார்பினரை அனுப்ப விரும்பினார். எதிர்த்தரப்பினர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை அனுப்ப விரும்பினர். பெரும்பான்மை தம்பக்கம் இல்லாமையைக் கண்ட பிகட், எதிர்த்தரப்பினருள் ஸ்ட்ராட்டன், புரூக் என்னும் இருவர்மீது குற்றஞ்சாட்டி, அவர்கள் வாக்களிக்கவொண்ணாதபடி செய்து, அவர்களைச் சபையினின்றும் விலக்கினார்; படைத்தலைவர் சர் ராபர்ட் பிளெச்சரைச் சிறைசெய்யவும் ஆணையிட்டார். எதிர்த்தரப்பினர் படையை நாடினர். 1776 ஆகஸ்டு 24-ஆம் நாள், கர்னல் ஸ்டூவர்ட் பிகட் பிரபுவோடு உடனிருந்து உண்டு, மாலையில் அவரோடு ஒரே வண்டியிற் சென்று, வழியில் அவரைச் சிறைப்பிடிப்பித்தார். பிகட் பரங்கிமலைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஸ்ட்ராட்டன் கவர்னர் ஆசனத்தில் அமர்ந்தார். சிறைப்பட்ட பிகட் 1777 மே 11-ஆம் நாள் காவலிலேயே இறந்தார்.

நிகழ்ச்சி இத்துணையே. இனி இதன்கண் அறம் எப்பக்கத்தது என்பது ஆராயத்தக்கது.

வீழ்த்தப்பட்டவர் குற்றமற்றவர் என்று கூறுதல் பொய்யாம். பிகட் முதன்முறை கவர்னராயிருந்து மீண்டபோது பெருஞ்செல்வத்தோடு சென்றவர். அவர் கொண்டுசென்ற வைரம் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே பேசப்படுகின்றது. சபையின் பெரும்பான்மைக்குக் கவர்னர் கட்டுப்படவேண்டும் என்பது கும்பினியின் விதி. அவ்விதியை அவர் சூழ்ச்சியால் கடக்க முயன்றார். அவர் தஞ்சை மன்னர்க்கு நாட்டை மீட்டளித்தார் என்பது மெய். கூடவே கும்பினிப்படையைத் தஞ்சைக் கோட்டையில் நிறுத்தி, அதன் செலவுக்கு ஆண்டுதோறும் 4 இலட்சம் வராகன் மன்னரிடம் பெற ஏற்பாடு செய்தார் என்பதும் மெய். அவர் தலைமைதாங்கிய கும்பினியே மூன்றாண்டுக்கு முன் தஞ்சைக் கோட்டையைத் தகர்த்தது. ஆதலின் குடமுருட்டிக் கரையிலிருந்த உழவன் ஒருவன், பிகட் வீழ்ந்தார் என்று கேட்டுக் கண்ணீர் விட்டிரான்; விடவேண்டிய கடப்பாடும் அவனுக்கில்லை.

அங்ஙனமாயின் வீழ்த்தியவர் செயல் நன்றோ எனின், அற்றன்று. அவர்கள் வாதத்திற் சிறிது வலியுண்டு என்பதை மறைத்தல் கூடாது. பெரும்பான்மை தம்முடையது, விதி தம்பக்கத்தது, விதியை முதலில் மீறியவர் கவர்னரே என்பன அவர்கள் கூறியவை. இவை மூன்றும் ஒருவாறு உண்மையே. ஆயினும் விதி தம்பக்கம் இருந்ததாயின் அவ்விதியை வழங்கியோரிடம் முறையிட்டிருத்தல் வேண்டும். கடிதம் கடல் கடந்து மீள மாதங்கள் பல ஆகும் என்பது காரணமாகாது. காலத்தாழ்வைப் பொறாமை வேறு. முறை இல்லாமை வேறு. எழுத்தால் தீரவேண்டிய வழக்கை வாளால் தீர்த்த அன்றே அவர்கள் கையிலிருந்த விதி வெறுங்காகிதமாயிற்று. தம் வழக்குக்குத் தாமே நடுவராய், தீர்ப்பின் பயனையும் தாமே நுகர்ந்தமை அதனினும் பெருங்குற்றம்.

இனி, படையின் செயலை ஆதரிப்போர் பொதுவாகக் கூறும் தடைகள் மூன்று. அவற்றை முறையே எடுத்து நோக்கற்பாற்று.

முதற்றடை: முள்ளை முள்ளாற் களைவது உலகியல்பு, கெட்ட அரசை எக்கை களைந்தாலென் என்பது. முள்ளைக் களைந்த முள்ளை யாரும் காலிலேயே வைத்துக் கட்டிக்கொள்வதில்லை, இரண்டையும் எறிந்துவிடுவர். ஆட்சியைக் களைந்த படையோ காலிற் றங்கிவிடுகின்றது. உரோமாபுரியில் அரசர்க்கு மெய்காப்பாளராயிருந்த படையினர் கி.பி. 193-இல் பெர்ட்டினாக்ஸ் என்னும் அரசனைக் கொன்று, பேரரசையே ஏலத்தில் விட்டனர். அதிக விலை கூறியவன் அரசனானான். அண்மைக்காலத்துச் செய்திகளும் இதனையே வலியுறுத்துகின்றன. திருவெம்பாவையின் பெயர் திரிந்து வழங்கும் விழாவை அரண்மனை அந்தணர் போற்றிவந்த சயாம் நாட்டில், தக்சின் சினவாத்திரா என்பாரின் அரசு ஊழல் மிக்கதெனக் குற்றஞ்சாட்டப்பெற்றது. 2006 செப்டம்பர் 19-ஆம் நாள் படை அதனை வீழ்த்திற்று. ஊழலை ஒழிப்பதே நோக்கம் என்றது. எட்டாண்டு கழியாமுன், 2014 மே மாதத்தில், படை மீண்டும் எழுந்து ஆட்சியைக் கைக்கொண்டது; இம்முறை படைத்தலைவரே முதலமைச்சராயினர். ஒருமுறை வீட்டின் பூட்டை உடைத்தவனுக்கு மறுமுறை உடைத்தல் எளிது. பர்மாவில் ஊ நூ என்பாரின் அரசு கட்சிப்பிளவால் தளர்ந்திருந்தபோது, 1962 மார்ச்சு 2-ஆம் நாள் நே வின் என்னும் படைத்தலைவர் ஆட்சியைக் கொண்டார். பின்னர்க் கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாக, அங்குத் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த இந்தியர் இலட்சக்கணக்கில் வெறுங்கையராய் வெளியேறினர். முருகன் கோயில்கள் எடுப்பித்து வழிபட்ட தமிழ்ச் சைவர் பலரும் அவருள் அடங்குவர். தளர்ந்த அரசின்கீழ் முறையிட இடமாவது இருந்தது, வாளாட்சியின்கீழ் அதுவுமில்லை.

சென்னையிலும் ஊழல் ஒழிந்ததில்லை. ஸ்ட்ராட்டனுக்குப் பின் 1778-இல் வந்த கவர்னர் தாமஸ் ரம்போல்டும் குற்றச்சாட்டுக்கு ஆளாகி 1781-இல் பதவி நீக்கப்பெற்றார். நவாபின் கடன்பத்திரங்கள் பெருகின. 1784-இல் இங்கிலாந்து அரசினர் அக்கடன்களைத் தக்க ஆராய்ச்சியின்றியே தீர்க்க ஆணையிட, 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் என்னும் அறிஞர் பாராளுமன்றத்தில் அதனை வன்மையாகக் கண்டித்துப் பேசினார். பின்னாளில் நவாபின் கடன்களை ஆராய அமைந்த குழுவினர் பல்லாண்டு உழைத்து, வழக்கிட்ட தொகையில் மிகச் சிறுபகுதியே மெய்யான கடன் என்று கண்டனர். முள் களையப்பட்டது, புண் ஆறவில்லை என்பதே கண்ட பயன்.

இரண்டாந்தடை சைவர்க்கு நெருங்கியது. அவனன்றி ஓரணுவும் அசையாது என்பது பெரியோர் வழக்கு. கொடுங்கோலரை ஒறுப்பது இறைவனது மறக்கருணை. ஆதலின் கெட்ட அரசை வீழ்த்திய படையும் திருவருளின் கருவியேயாம். அதனை எதிர்த்தல் திருவருளை எதிர்த்தலாம் என்பது.

இத்தடை மேலோட்டமாய் நோக்குவார்க்கு இனிதாய்த் தோன்றினும் சித்தாந்த நெறிக்கு மாறாயது. உயிர்கள் செய்த வினையின் பயனை அவ்வவற்றுக்கு ஊட்டுவிப்பவன் இறைவன் என்பது மெய். எனினும் பயனை ஊட்டும் வாயிலாய் நின்ற மற்றோருயிர், தன் இச்சையாற் செய்த செயலுக்குத் தானே பொறுப்பாகும். அதற்கு அது புதுவினை. ஒருவன் முன்வினைப்பயனாய்ப் பொருளிழந்தான் என்பதால் அவன் வீட்டிற் கன்னமிட்டவன் புண்ணியஞ் செய்தவனாகான். மெய்ப்பொருள்நாயனார் முத்தநாதன் வாளால் வீழ்ந்து இறைவன் திருவடி எய்தினர். அதுகொண்டு முத்தநாதன் நற்செயல் செய்தான் என்று கூறும் சைவர் எவருமில்லை.

சிவஞான சித்தியார் இரண்டாஞ் சூத்திரத்தில், அரசன் குற்றவாளிகளை ஒறுத்தலும் இறைவன் திருவருளைச் சார்ந்ததே என்று அருணந்தி சிவாசாரியார் கூறுகின்றாரே எனின், அவ்விடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆண்டுக் கூறப்படும் ஒறுப்பு, செய்த குற்றத்தை எடுத்துரைத்து, அதற்குரிய தண்டத்தை அளந்து கொடுத்து, ஒறுக்கப்பட்டவனைப் பின்னர் நல்வழிப்படச் செய்வது. மூன்று இயல்பு அதற்கு இன்றியமையாதன: குற்றம் வெளிப்படக் கூறப்படல், ஒறுப்பவன் அதற்குரிய அதிகாரமுடையனாதல், ஒறுப்பின் பயன் ஒறுப்பவனைச் சேராமல் ஒறுக்கப்பட்டவனுக்கும் உலகுக்கும் ஆதல். 1776-இல் நடந்தது யாது? ஒரே வண்டியிற் சென்ற நண்பனால் வழியிடைப் பிடிப்பிக்கப்பட்டவர்க்குக் குற்றம் கூறிய நடுவர் எவருமில்லை. பிடித்தவர்க்கு அதிகாரம் கொடுத்தோர், அச்செயலாற் பயன்பெற இருந்தோரே. பயனோ ஆசனமேறியவர்க்கும் பத்திரம் வைத்திருந்தவர்க்கும் ஆயிற்று. மூன்றியல்பும் இல்லாத இதனைத் தண்டம் என்றல் சொல்லளவிலும் பொருந்தாது. மருத்துவன் கையிலுள்ள கத்தி நோய் தீர்ப்பது. கத்தி தானே எழுந்து மருத்துவனைக் குத்தி நோயாளியை ஆளத் தொடங்கின் அதனை மருத்துவம் என்பார் யார்?

எறிபத்தநாயனார் அரசன் பட்டத்துயானையையும் பாகரையும் மழுவால் வீழ்த்தினரே, அஃது அதிகாரமின்றி ஒறுத்ததன்றோ என ஒருவர் வினவலாம். தக்க வினாவே. ஆயினும் அதன் முடிவை நோக்குக. புகழ்ச்சோழர் படையோடு வந்தும், ஆராயாமற் படையை ஏவினாரல்லர். நின்றவர் சிவனடியார் என்று கண்டு காரணம் உசாவி, குற்றத்தில் தமக்கும் பங்குண்டெனத் தம் வாளையே நீட்டித் தம்மையும் கொல்லுமாறு வேண்டினர். எறிபத்தரோ அவ்வாளை வாங்கித் தம் கழுத்திலேயே பூட்டினர். ஒறுத்தவர் ஒறுப்பினால் ஒன்றும் பெறவில்லை. தம்மையே தீர்ப்புக்கு உட்படுத்தினர். பிகட்டைப் பிடித்தவர் யாரேனும் வாளைத் தம் கழுத்துக்கு நேரே பிடித்தனரோ? ஆசனத்துக்கன்றோ கை நீட்டினர். பயன் யாரைச் சேர்கின்றது, ஒறுத்தவன் தானும் தீர்ப்புக்கு உட்பட இசைகின்றானோ என்னும் இரண்டு வினாக்களே இத்தகைய செயல்களை அளக்கும் கோலாம்.

படைக்கலம் ஏந்தியவன் எவ்வாறு நிற்றல்வேண்டும் என்பதற்கு மெய்ப்பொருள்நாயனார் வரலாற்றிலேயே விளக்கம் உளது. தத்தன் என்னும் காவலன் வாளேந்தி ஓடிவந்தான். தன் தலைவன் கண்முன் குத்துண்டு கிடக்கின்றான். குற்றவாளி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றான். சினத்துக்கும் நியாயம் உண்டு. ஆயினும் தலைவன் வாய்ச்சொல் தடுக்க, ஓங்கிய வாளைத் தாழ்த்தினான். அதனோடமையாமல், குத்தியவனைக் குடிகள் தாக்காதவாறு ஊரெல்லைவரை காத்துக்கொண்டுபோய் விட்டு மீண்டு, அச்செய்தியைத் தலைவனுக்கு அறிவித்தான். வாள் சொல்லுக்குக் கீழ்ப்படிவதே வீரம் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. ஆணை அறத்துக்கு மாறாயின் வீரன் யாது செய்வது எனின், மறுக்கலாம். மறுத்தலுக்குரிய தண்டத்தையும் ஏற்கலாம். குடிகள்மேல் அம்பு விடுக என்னும் ஆணையை மறுத்து வில்லைக் கீழே வைப்பது அறம். அதே வில்லைக்கொண்டு அரியணை ஏறுவது வேறு. மறுத்தலுக்கும் ஆளுதலுக்கும் இடையேயுள்ள அகலம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையேயுள்ளதினும் பெரிது.

மூன்றாந்தடை நடைமுறை பற்றியது. படையை எதிர்ப்போர் வேறென்ன விரும்புகின்றனர்? வீழ்ந்த கெட்டவன் மீண்டும் வரவேண்டும் என்பதுதானே? இரண்டையும் மறுக்கின்றோம் என்பது நழுவல் என்பது.

இத்தடைக்கு விடை, ஆசனம் வேறு, அதன்மேல் இருக்கும் ஆள் வேறு என்னும் தெளிவில் அடங்கியுள்ளது. ஒரு சிறு காட்சியால் இது விளங்கும். ஊர்க்கோயில் ஒன்றில் தருமகர்த்தா கோயில் நெல்லைத் தன் களஞ்சியத்துக்குக் கடத்துகின்றான் என்க. கட்டளைகள் குறைகின்றன, விளக்கு எரியவில்லை. ஒருநாளிரவு மெய்காவலர் கூடி அவனை மதிலுக்குப் புறத்தே தள்ளித் திறவுகோலைத் தாம் வைத்துக்கொள்கின்றனர். மறுநாள் அன்பர்கள் யாது செய்வர்? திருடிய தருமகர்த்தா வாழ்க என்பரோ? மெய்காவலர் கையில் திறவுகோல் இருக்கட்டும் என்பரோ? இரண்டுமன்று. திறவுகோல் முறைப்படி உரியவர் கைக்கு வரவேண்டும். வந்தபின் கணக்கைக் காட்டு என்று அத்தருமகர்த்தாவையே பிடித்துக் கேட்கவேண்டும். கணக்கில் பொய் இருப்பின் முறைப்படி அவனை நீக்கவேண்டும் என்பர். இதில் நழுவல் யாது? மெய்காவலரை ஏற்றுக்கொண்டவர்களே கணக்கைக் கேட்கும் உரிமையை இழக்கின்றனர். திறவுகோலைத் தடியால் பெற்றவனிடம் கணக்குக் கேட்பது எங்ஙனம்?

1776-ஆம் ஆண்டுச் செய்தியிலும் ஏறத்தாழ இத்தீர்ப்பே வழங்கப்பட்டமை வியப்புக்குரியது. இங்கிலாந்தில் கும்பினியார் நெடுநேரம் வாதிட்டு முடிவில், பிகட்டை மீண்டும் கவர்னர் ஆசனத்தில் அமர்த்துக, ஒரு வாரத்திற்குள் அவர் அதனை விட்டுத் தாய்நாடு திரும்புக, எதிர்த்த சபையினரும் திரும்புக என்று ஆணையிட்டனர். எள்ளி நகைத்தற்குரிய ஆணைபோல் இது தோன்றும். ஒரு வாரத்துக்கு ஒருவரை ஆசனமேற்றுவானேன்? ஆயினும் ஆழ்ந்து நோக்கின் இதன்கண் ஓர் அறவுணர்ச்சி ஒளிந்துள்ளது. வாளால் காலியான ஆசனத்தை அப்படியே விடின் வாள் வென்றதாகும். ஆதலின் அது நிரப்பப்படல் வேண்டும். நிரம்பியபின் அதன்மேலிருப்பவன் பழுதுடையன் ஆயின் முறையால் இறக்கப்படல் வேண்டும். இரண்டு மறுப்பும் ஓராணையில் அடங்கின. அவ்வாணை கரைசேருமுன் பிகட் இறந்துவிட்டார். பின்னர் ஸ்ட்ராட்டன் முதலிய நால்வர் இங்கிலாந்தில் விசாரிக்கப்பெற்று, 1780-இல் ஒவ்வொருவர்க்கும் 1,000 பவுன் தண்டம் விதிக்கப்பெற்றது. பென்பீல்டின் வழக்குத்தொகை 2,34,000 பவுன் என்பதை நினையின் இத்தண்டத்தின் சிறுமை தோன்றும். அறம் அறியப்பட்டது, அறம் நிறைவேறவில்லை. அறிந்தும் நிறைவேற்றாமையின் பயனைச் சுமந்தவர் தஞ்சைக் குடிகளே. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டாட்சி முழுதும் கும்பினி வசமாயிற்று.

ஈண்டு ஒன்று மறைக்கற்பாலதன்று. முறையிட இடமே இல்லாதவாறு கெட்ட அரசு எல்லாக் கதவையும் அடைத்துவிடின் யாது செய்வது? இவ்வினாவுக்கு எளிய விடை கூறுவோர் துன்புற்றோரின் துன்பத்தை அறியாதவராவர். பசித்த பிள்ளையை முன்வைத்துக்கொண்டு, முறை வரட்டும் என்று காத்திருத்தல் அரிது. படை வந்து கதவை உடைத்தபோது தெருவிற் களித்து ஆடிய ஏழைகளைப் பழித்தல் தகாது. அவர்கள் ஆடியது படையின்பொருட்டன்று, பசி தீரும் என்னும் நம்பிக்கையின்பொருட்டு. பழிக்கப்படவேண்டுவோர், கற்றும் கண்டும் இருந்து, முன்னரே கெட்ட அரசைக் கண்டிக்காமல் வாய்மூடியிருந்தோர். நல்லோர் மௌனமாயிருந்த வீட்டிலேதான் வாள் உரையினின்றும் வெளிவருகின்றது. ஆதலின் வாளாட்சியை மறுக்கும் உரிமையுடையோர், ஊழலை அது வீழுமுன் எதிர்த்தோரே. வீழ்ந்தபின் இரண்டும் தீது என்று கூறுதல் எளிது. வீழுமுன் ஒன்றைத் தீது என்றல் அரிது.

வழிகள் எல்லாம் அடைபட்டபோதும் ஒருவழி அடைபடாது. அஃது ஒத்துழையாமை. திருக்காட்டுப்பள்ளியைப் பாடியருளிய திருநாவுக்கரசர், பல்லவன் அழைத்தபோது அவன் ஆணைக்கு உட்படேன் என்று மறுத்தனர். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் அவர்க்கு நேர்ந்தன. மறுத்தவர் அவனை வீழ்த்தப் பகையரசன் படையைத் தேடினாரல்லர். அவன் அரியணையை விரும்பினாருமல்லர். மூர்த்திநாயனார், படைகொண்டு மதுரையைக் கைப்பற்றிய கருநாடர் மன்னன் சந்தனக்காப்புக்கு இடையூறு செய்தபோது, தம் முழங்கையையே கல்லில் தேய்த்தனர். கிளர்ச்சி செய்து நகரைப் பிடித்தாரல்லர். மன்னன் மாண்டபின் அமைச்சர் கூடி, வழக்கப்படி யானையை விடுத்து, அது சுமந்துவந்தவரை வேண்ட, திருநீறும் கண்டிகையும் சடைமுடியுமே தமக்கு அணிகளாக வேண்டும் என்னும் நிபந்தனையோடு ஆட்சியை ஏற்றனர். கொடியவனை மறுத்தார், ஆயினும் ஆசனம் முறையால் வந்தபோதே ஏறினார். வாளுக்கும் கொடுங்கோலுக்கும் ஒருங்கே வணங்காத முதுகு எத்தகையது என்பதற்கு இவ்விரு வரலாறும் போதும்.

இத்தகைய மறுப்புக்கு விலையுண்டு. இரு பக்கத்தாரும் பகைவராவர். ஊழலைக் கண்டித்த நாளில் அரசின் அன்பர், படையின் ஆள் என்பர். படையைக் கண்டித்த நாளில் படையின் அன்பர், ஊழலின் ஆள் என்பர். இரு பழியும் ஒருவனையே சேருமாயின், அவன் நடுவில் நிற்கின்றான் என்பதற்கு அதுவே அடையாளம். நடுவில் நிற்றல் செயலின்மையன்று. நாடகத்தில் வேடம் மாறுவதுபோல ஆள்வோர் மாற, களத்து நெல் மட்டும் என்றும் வெளியே போய்க்கொண்டிருக்குமாயின், நெல் யாருடையது, கணக்கு எங்கே என்று இருவரிடத்தும் ஒரே குரலிற் கேட்பதே நடுவுநிலையின் செயல். 1776-இல் அவ்வினாவைக் கேட்க அவ்வுழவனுக்குச் சபையுமில்லை, வாக்குமில்லை. இன்று அவன் வழித்தோன்றலுக்கு இரண்டும் உண்டு. கேளாதிருந்தால் குற்றம் வாளுடையதன்று.

கல்லணைக்குக் கீழே கரை உடைந்தால், வெள்ளம் நல்லவன் வயல் தீயவன் வயல் என்று பாராமல் மூடும். அண்டை வயற்காரன் நீரைத் திருடினான் என்ற சினத்தால் ஆற்றின் கரையை வெட்டும் உழவன் இந்நாட்டில் இல்லை. திருடிய மடையை அடைப்பதும் வேண்டும். கரையைக் காப்பதும் வேண்டும். இரண்டும் ஒரே இரவில், ஒரே மண்வெட்டியால், ஒரே உழவனாற் செய்யப்படுவன. கெட்ட கோலை மறுப்பதும் இடம்பெயர்ந்த வாளை மறுப்பதும் அதுபோல ஒரே மனத்தின் இரு செயல்கள். அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.

திருச்சிற்றம்பலம்.